மின்னல் தொட்ட விமானமும் கொல்லன் மகனும்

வெள்ளாங்குளத்தில் வளர்ந்த எங்களுக்கு வானத்து இரைச்சல் என்றால் ஒரே ஒரு பொருள்தான். கிபிர் வருகிறது, பதுங்குகுழிக்குள் ஓடு. ஐப்பசி மழையில் இடி முழங்கினாலும் கால்கள் முதலில் குழிப் பக்கம்தான் திரும்பும். அது வெறும் இடி என்பது பிறகுதான் மூளைக்கு எட்டும். 2008 ஓகஸ்ட் தொடக்கத்தில் ஊர் இராணுவத்தின் கைக்குப் போனது. அதற்கு முன்பே நாங்கள் முழங்காவில் பக்கமாக இடம்பெயர்ந்திருந்தோம்.

போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின், அம்மாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போனபோதுதான் இருவரும் முதன்முதலாக விமானம் ஏறினோம். திரும்பி வரும்போது கருமேகத்துக்குள் இறக்கையோரம் வெள்ளையாய் ஒன்று வெட்டியது. கூடவே பெரிய வெடிச்சத்தம். அம்மா காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்தபடி குனிந்துவிட்டார். பதுங்குகுழியில் பழகியது அப்படித்தான். மின்னல் தாக்கியது, பயப்பட ஒன்றுமில்லை என்று விமானி அறிவித்தார். விமானம் ஒழுங்காகவே தரையிறங்கியது.

வீடு வரும்வரை அம்மாவுக்கு ஒரே கேள்வி. எங்கள் வளவுப் பனையின் தலையை ஒரே மின்னல் கருக்கியது. முழுக்க உலோகமான விமானத்துக்குள் இருந்தவர்கள் எப்படித் தப்பினோம்? உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எனக்குப் பரடே கூடு என்ற விடை தெரியும். ஆனால் பரடே என்ற மனிதனை எங்கள் பாடக்கொப்பியில் நான் கண்டதில்லை. அங்கே அவர் ஒரு விதி, ஓர் அலகு, அவ்வளவுதான். அதன் பிறகுதான் தேடி வாசித்தேன்.

மைக்கல் பரடே 1791 செப்ரெம்பர் 22ஆம் திகதி லண்டனின் தென்புறத்தில் பிறந்தார். தகப்பன் அடிக்கடி நோயில் விழும் கொல்லன். 1801இல் உணவு விலை ஏறியபோது, ஒரு கிழமைக்கென்று அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு பாண். நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பள்ளிப்படிப்பு எழுத, வாசிக்க, கணக்குப் பார்க்க என்ற அளவோடு நின்றது. 14 வயதில் ஒரு புத்தகக் கடையில் கட்டுவேலை பழகச் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் அங்கே. கட்டுவதற்கு வந்த புத்தகங்களை வாசித்தார், கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை உட்பட. வாசித்ததைக் கையிலிருந்த காசுக்குள் செய்தும் பார்த்தார்.

1812இல் கடைக்கு வரும் ஒருவர் கொடுத்த நுழைவுச்சீட்டால் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, தன் கையாலேயே கட்டி, டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் றோயல் இன்ஸ்டிடியூசனில் உதவியாளர் வேலை கிடைத்தது. டேவியோடு ஐரோப்பா சுற்றியபோது டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். அதையும் பொறுத்தார். 1831இல், அசையும் காந்தத்தால் கம்பியில் மின்னோட்டம் பிறக்கும் என்று காட்டினார். நம் வீட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் அந்த வழியில்தான் பிறக்கிறது.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது 1836 ஜனவரியில் நடந்தது. பக்கத்துக்கு 12 அடியில் மரச்சட்டத்தாலான ஒரு பெட்டி. செம்புக் கம்பி சுற்றி, கடதாசியும் வெள்ளீயத் தகடும் ஒட்டி, நிலத்தில் மின் கசியாதபடி நிறுத்தினார். பெரிய மின்பொறியால் அதற்கு மின்னேற்றினார்கள். வெளிப்பக்கமெல்லாம் தீப்பொறி பறந்தது. பரடே உள்ளே இருந்தார், எரியும் மெழுகுதிரியோடும் மின்காட்டிகளோடும். மிக நுட்பமான தங்க இலைக் கருவிகூட அசையவில்லை. ஒரே வகை ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அவை கடத்தியின் வெளிப்புறத்துக்கே போய்விடுகின்றன. உள்ளே எதுவும் வருவதில்லை.

விமானமும் அப்படியான பெட்டிதான். மின்னல் மூக்கிலோ இறக்கை நுனியிலோ பிடித்து, அலுமினியத் தோல் வழியே ஓடி, பெரும்பாலும் வாலால் வெளியேறும். பல வேளைகளில் மேகத்தின் மின்னலைத் தூண்டுவதே விமானம்தான். பயணிகள் விமானமொன்று சராசரியாக ஆண்டுக்கு ஒரு தடவையாவது மின்னல் வாங்கும் என்பார்கள். கார்பன் இழையால் செய்த புதிய விமானங்களுக்கு மேற்பூச்சின் கீழ் மெல்லிய செம்பு வலை பதிக்கிறார்கள்.

ஆபத்தே இல்லை என்று அம்மாவிடம் பொய் சொல்லவில்லை. 1963 டிசம்பர் 8ஆம் திகதி அமெரிக்காவின் மேரிலாந்தில் மின்னலால் இறக்கைத் தாங்கியின் எரிபொருள் ஆவி தீப்பற்றி, விமானத்திலிருந்த 81 பேரும் இறந்தார்கள். எரிபொருள் தாங்கிகளின் பாதுகாப்பு விதிகள் இறுகியது அதன் பிறகுதான்.

அதே 1836இல் பரடே இங்கிலாந்தின் வெளிச்சவீடுகளுக்கு அறிவியல் ஆலோசகரானார். ஏறக்குறைய 30 ஆண்டுகள் அந்த வேலை. 68 வயதில், பனி மூடிய பாதையை விட்டு வேலிகளைத் தாண்டி ஒரு வெளிச்சவீட்டுக்கு நடந்து போயிருக்கிறார். கடற்கரையில் வளர்ந்தவனுக்கு, அவர் கண்டுபிடிப்புகள் எல்லாவற்றையும்விட இந்த நடைதான் மனதில் நிற்கிறது. சேர் பட்டம் வேண்டாமென்றார். றோயல் சொசைட்டியின் தலைவர் பதவியை இரு தடவை மறுத்தார். கடைசிக் காலத்தில் நினைவு தப்பத் தொடங்கியது. 1867 ஓகஸ்ட் 25ஆம் திகதி இறந்தவரை, அரசர்களும் பெரியவர்களும் கிடக்கும் வெஸ்ற்மினிஸ்ரரில் அல்லாமல், ஹைகேற் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

எல்லாம் கேட்ட அம்மா கடைசியில் தம்பியின் படகைப் பற்றிக் கேட்டார். தேவன்பிட்டியில் இருந்து அவன் தொழிலுக்குப் போவது கண்ணாடியிழைப் படகில். அது பரடேயின் பெட்டி அல்ல. திறந்த கடலில் உயர்ந்து நிற்பது அவன் மட்டுமே. தகரக் கூரை போட்ட வாடியும் பெட்டி ஆகாது, தனிப் பனையின் அடியும் ஆகாது. கதவு பூட்டிய இரும்புக் கூடு கொண்ட வாகனமோ, ஒழுங்காய்க் கட்டிய கல்வீடோ வேண்டும். கடலில் நிற்பவனுக்கு, இடி கேட்குமுன் கரை திரும்புவதுதான் வழி.

ஐப்பசி தொடங்கிவிட்டது. வானம் கறுத்தால் அம்மா இப்போது பதுங்குகுழி இருந்த பக்கம் பார்ப்பதில்லை. தம்பிக்குக் கைபேசியில் அழைக்கச் சொல்லி என்னைப் பிடுங்குகிறார்.