ஜான் பென்னிகுவிக்

கர்னல் ஜான் பென்னிகுவிக் (ஜனவரி 15, 1841 - மார்ச் 9, 1911) முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆவார். மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீரைச் சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குத் திருப்பியவர் என்ற வகையில் தேனி, மதுரை மாவட்ட மக்களால் இன்றும் போற்றப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் புனே நகரில் பிறந்தார். படை அதிகாரியான இவரது தந்தை 1849இல் சில்லியான்வாலா போரில் இறந்தார். அடிஸ்கோம்பு இராணுவப் பள்ளியில் பயின்ற பென்னிகுவிக், சென்னை மாகாணப் பொறியாளர் படையில் சேர்ந்து பொதுப்பணித்துறையில் பணியாற்றினார்.

பெரியாறு அணை

பெரியாற்றைத் திருப்பும் திட்டம் முன்பே ஆராயப்பட்டு, 1876-78 பெரும் பஞ்சத்தின்போது கைவிடப்பட்டிருந்தது. 1882இல் புதிய திட்டம் தயாரிக்கும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1887இல் பணி தொடங்கியது. வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளைப் பலமுறை அடித்துச் சென்றது. தொழிலாளர் பலர் மலேரியாக் காய்ச்சலால் இறந்தனர். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். சொந்தச் சொத்தை விற்றே இவர் அணையைக் கட்டி முடித்தார் என்பது செவிவழிச் செய்தியாகும்.

கலவை

சுமார் 1,200 அடி நீளமும் அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் கொண்ட இவ்வணையின் இருமுகங்களும் கருங்கல் கட்டுமானம். உட்பகுதி சுண்ணாம்பு-சுர்க்கிக் கான்கிரீட். சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் தூள்.

தூய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே இறுகும். தடித்த சுவரின் உள்ளே அது நெடுங்காலம் இறுகாது. சுர்க்கியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் வினைபுரிவதால் கலவை நீருக்குள்ளும் இறுகுகிறது. எனவே சுண்ணாம்புக் கான்கிரீட் என்று மட்டும் குறிப்பிடுவது போதாது. சுண்ணாம்பின் தன்மை, களிமண் சுடப்பட்ட பதம், ஒவ்வொரு பொருளின் அளவு ஆகிய அனைத்தும் வரையறுக்கப்பட வேண்டும். ஒன்று பிழைத்தாலும் வலிமை குறையும். இன்று சிமெண்டுடன் எரிசாம்பல் சேர்ப்பதும் இதே வேதியியலைச் சார்ந்ததே.

கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்து வெளியேற்றக் கூடியது. இதனால் 1930களிலும் 1960இலும் அணைக்குள் சிமெண்டுப் பால் செலுத்தப்பட்டது. 1979இல் பாதுகாப்பு குறித்த அச்சம் எழுந்தபோது நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் கம்பி நங்கூரம், கான்கிரீட் முட்டுச்சுவர் முதலியவற்றால் அணை வலுப்படுத்தப்பட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது.

மறைவும் நினைவும்

இங்கிலாந்து திரும்பிய பின் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்த பென்னிகுவிக், கேம்பர்லியில் காலமானார். தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பில் இவரது மணிமண்டபம் 2013 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டது. இவரது பிறந்தநாளை ஒட்டி அப்பகுதி விவசாயிகள் ஆண்டுதோறும் பொங்கல் வைத்து நன்றி செலுத்துகின்றனர்.