ஆற்றைத் திருப்பிய கைகள்

தேனி மாவட்டத்து உழவர்கள் ஜனவரி 15-ஆம் நாள் பொங்கலோடு பொங்கலாக ஒரு வெள்ளைக்காரப் பொறியாளரின் பிறந்த நாளுக்கும் பானை வைக்கிறார்கள். அவர்தான் பென்னி குவிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர். அவருக்கு ஏன் இந்த நன்றி?

கனகசெட்டிக்குளத்துக் கடலிலே வலை இழுக்கும் தோழருக்கும், புதுவை ஆலைகளிலே பாடுபடும் தோழருக்கும் இந்தக் கதை தொலைதூரக் கதையன்று. நம் மண்ணிலே பெருமலையும் இல்லை, பேரணையும் இல்லை. ஆனால் தென்னாட்டு மின்கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நம் வீட்டு விளக்கை எரிப்பது எந்த மலையின் நீர் என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

பென்னி குவிக் 1841-இல் பூனாவில் பிறந்தார். எட்டு வயது நிரம்புமுன், 1849-இல், சிலியன்வாலா போரிலே தந்தையையும் அண்ணனையும் பறிகொடுத்தார். பின்னர் படைப் பொறியாளராகப் பயிற்சி பெற்று, 1860-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே அவர் கண்டது என்ன? மலைக்கு மேற்கே பெரியாறு பெருக்கெடுத்து வீணே கடலில் கலந்தது. கிழக்கே வைகைச் சீமை நாவறண்டு கிடந்தது. 1876 முதல் 1878 வரை கொடும்பஞ்சம் மாகாணத்தைச் சூறையாடியது.

மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் வெள்ளையர் மூளையில் உதித்ததன்று. 1789-லேயே இராமநாதபுரம் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி ஆராய்ந்தார். பொருள் இல்லாமல் அது நின்றது. 1850-இல் வெள்ளையராட்சி ஒரு சிற்றணை கட்ட முனைந்து கைவிட்டது. காட்டுக் காய்ச்சல் ஒரு காரணம். தொழிலாளர் கூலி உயர்வு கேட்டது மற்றொரு காரணம். உயிரைப் பணயம் வைப்பவன் கூலி உயர்த்திக் கேட்டது குற்றமா, தோழர்களே?

1882-இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னி குவிக்கிடம் வந்தது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887-இல் வேலை தொடங்கிற்று. பாதையில்லாக் காடு, ஓயாத மழை. கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, மறுபடியும் கட்டினார்கள். கல்லும் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கொண்டு அணை எழுந்தது. மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கும் அதிகமான நீளத்துக்குச் சுரங்கம் போட்டார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார்.

சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்று பேசுவோர் உண்டு. அந்த அணை அரசாங்கப் பணத்தில், அதாவது மக்கள் வரிப்பணத்தில் எழுந்தது. தளராத உள்ளமும் தேர்ந்த அறிவுமே அவர் தந்தவை. அந்தப் பெருமைக்குக் கட்டுக்கதை வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அங்கே பலியானோர் நூற்றுக்கணக்கானோர். அவர்கள் கல் சுமந்தவர்கள், சாந்து குழைத்தவர்கள், பாறை பிளந்தவர்கள். அணைக்கருகே அவர்களுடைய கல்லறைகள் உண்டு. ஊரறிந்த பெயர்தான் இல்லை!

அந்த நீர் இன்று இரண்டு வேலை செய்கிறது. மலையுச்சியிலிருந்து இராட்சதக் குழாய்களில் பாய்ந்து, லோயர் கேம்ப் மின்நிலையத்திலே சக்கரம் சுழற்றுகிறது. பிறகு தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என்று வயல்களுக்குப் போகிறது. 1958 முதல் 1965-க்குள் அங்கே ஆளுக்கு 35 மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்கள் ஓடத் தொடங்கின. அணை எழுந்து அறுபதாண்டுக்குப் பின், சுதந்திர நாட்டிலேதான் அந்த நீர் வெளிச்சமாயிற்று. 1970 ஒப்பந்தப்படி அந்த மின்சாரத்துக்குத் தமிழ்நாடு கேரளத்துக்குப் பணம் கொடுக்கிறது.

நீர்மட்டம் 142 அடி வரை உயரலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நம் உழவனின் உரிமை. அணைக்குக் கீழே வாழும் கேரளத் தொழிலாளியின் அச்சத்தை நாம் ஏளனம் செய்ய வேண்டாம். அணையைப் பேணி, உண்மையைக் காட்டி அதைப் போக்க வேண்டும். உழைப்பவனுக்கு உழைப்பவன் பகைவனல்ல.

பென்னி குவிக் 1911-இல் இங்கிலாந்திலே மறைந்தார். 2013-இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. எழட்டும், வரவேற்கிறோம்! அவர் சிலைக்கு மாலை சூட்டும் கைகள், காட்டிலே உறங்கும் அந்தத் தொழிலாளர் கல்லறைகளுக்கும் ஒரு மாலை சூட்டட்டும்.