குளம் வத்தினா இந்த உயிர் எங்கே போகும்? பதில் தேடிய அனண்டேலின் கதை

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல் சீசன். ஐந்தருவி வீடியோ ஸ்டேட்டஸில் வர ஆரம்பித்ததுமே பலர் லீவுக்கு அப்ளை செய்துவிடுவார்கள். ஆனா, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி தென்காசிப் பக்கம் போனால் காட்சியே வேறு. சிற்றாறு மெலிந்து கிடக்கும். சில குளங்களில் வெடித்த களிமண் தரைதான் மிஞ்சும்.

தண்ணீர் வத்தும்போது தவளை சேற்றுக்குள் புதைந்துகொள்ளும், கொக்கு பறந்துவிடும். கல்லோடு ஒட்டிக்கொண்டு, ஓர் அங்குலம்கூட நகர முடியாமல் வாழும் உயிர் என்ன செய்யும்? குளத்தில் மறுபடி தண்ணி வந்ததும் அது எப்படித் திரும்ப முளைக்கிறது?

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியோடு இந்தியக் குளங்களைத் துருவியவர் நெல்சன் அனண்டேல். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி வைத்தவர் என்று பலருக்கும் தெரியும். குளத்துக் கல்லில் அவர் என்ன தேடினார் என்பது அவ்வளவாகத் தெரியாது.

யார் இந்த அனண்டேல்?

1876 ஜூன் 15 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். அப்பா அறுவை சிகிச்சைப் பேராசிரியர். மகன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். மனிதர்களைப் பற்றிய மானுடவியல், விலங்கியல் இரண்டிலும் ஆர்வம். 1899இல் மலாய்த் தீபகற்பத்துக்கு ஓர் ஆய்வுக் குழுவோடு போனார். 1904இல் கல்கத்தாவின் இந்தியன் மியூசியத்தில் வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் அதன் தலைமைப் பொறுப்புக்கே வந்துவிட்டார்.

அப்போது இந்திய விலங்குகள் என்றால் புலி, யானை, பறவை, பாம்புதான் பேச்சு. அனண்டேல் பக்கத்துக் குளத்தில் இறங்கினார். அங்கே அவருக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு: ஹைட்ரா, நன்னீர்ப் பஞ்சு.

ஹைட்ராவைப் பள்ளிப் பாடத்தில் பார்த்திருப்பீங்க. சில மில்லிமீட்டர் நீளம், ஒரு முனையில் வாய், அதைச் சுற்றி உணர்நீட்சிகள். நன்னீர்ப் பஞ்சு இன்னும் எளிமையானது. மூளை, நரம்பு, வயிறு எதுவும் கிடையாது. படித்துறைக் கல்லிலும் நாணல் தண்டிலும் பச்சையாகவோ சாம்பல் நிறத்திலோ பொருக்குப் போல ஒட்டியிருக்கும். பார்க்கிறவர்கள் பாசி என்று நினைத்துக் கடந்துபோவார்கள். அது ஒரு விலங்கு.

1908: மலைக்கு அந்தப் பக்கம்

1908 நவம்பரில் அனண்டேல் திருவிதாங்கூர் வந்தார். சாஸ்தாங்கோட்டை ஏரி, அதன் அருகிலுள்ள உப்பங்கழி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தென்மலை, மடத்துறை என்று சுற்றி மாதிரிகள் சேகரித்தார். தென்மலை எங்கே இருக்கிறது என்று தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டையிலிருந்து கணவாயைத் தாண்டினால் வந்துவிடும். அந்த வழியாக ரயில் ஓட ஆரம்பித்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூரோடுதான் இருந்தது.

சாஸ்தாங்கோட்டை அருகே கிடைத்த ஒரு பஞ்சுக்கு ‘ஸ்பாஞ்சில்லா திராவன்கோரிக்கா’ என்று பெயர் வைத்தார். இப்படி ஊர் ஊராகச் சேர்த்ததையெல்லாம் தொகுத்து, இந்தியாவின் நன்னீர்ப் பஞ்சுகள், ஹைட்ராக்கள், பாசிவிலங்குகள் பற்றிய நூலை 1911இல் வெளியிட்டார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இந்தத் துறை ஆட்கள் புரட்டும் புத்தகம் அது.

வளர்ச்சிக்கு ஒரு பிரேக்

அந்த நூலில் பெயர்ப் பட்டியல் மட்டும் இல்லை. எந்த மாதத்தில் எது வளர்கிறது, எப்போது நின்றுபோகிறது என்ற கவனிப்பும் இருக்கிறது.

ஐரோப்பாவில் நன்னீர்ப் பஞ்சுக்கு எதிரி குளிர்காலம். இந்தியாவில் கதை தலைகீழ். இங்கே பல பஞ்சுகள் குளிர் மாதங்களில்தான் செழிக்கும், கோடை வந்தால் சிதையும். சிதைவதற்கு முன்னால் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளும். செல்களில் ஒரு பகுதி உணவைச் சேமித்துக்கொண்டு கொத்தாகக் கூடும். அதைச் சுற்றிக் கெட்டியான ஓடு உருவாகும். கசகசா அளவில் இருக்கும் இந்த உருண்டைக்கு ஜெம்யூல் என்று பெயர். பஞ்சு செத்து உதிர்ந்தாலும் ஜெம்யூல் காய்ந்த கல்லில் காத்திருக்கும். தண்ணீர் வந்து, சூழல் ஒத்துவந்தால் ஓட்டில் உள்ள துளை வழியாகச் செல்கள் வெளியேறி மறுபடி பஞ்சாகும். இந்தியக் குளங்களில் பரவலாக இருக்கும் கார்ட்டர் பஞ்சின் ஜெம்யூல் ஓட்டில் காற்றறைகளும் உண்டு. அதனால் மிதக்கும், பரவும்.

அனண்டேல் தன் தப்பையும் திருத்திக்கொண்டவர். 1905இல் கல்கத்தா ஹைட்ராவைப் புது இனம் என்று அறிவித்து ‘ஹைட்ரா ஓரியன்டாலிஸ்’ எனப் பெயரிட்டார். தொடர்ந்து கவனித்தபோது சந்தேகம் வந்தது. 1911 நூலில் அதைத் தனி இனம் என்று சொல்லவில்லை. உலகெங்கும் உள்ள ‘ஹைட்ரா வல்காரிஸ்’ இங்கே எடுக்கும் ஒரு நிலைதான் என்று எழுதிவிட்டார். ஒரே விலங்கு சூழலுக்கு ஏற்ப வேறு மாதிரி வளர முடியும் என்பதுதான் அதன் அர்த்தம்.

அப்படியானால் எப்போது வளரணும், எப்போது நிறுத்தணும் என்று அதற்கு யார் சொல்வது? அனண்டேல் காலத்தில் இதற்குப் பதில் கிடையாது.

செல்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

பதிலின் முதல் துண்டு 1909இல் வந்தது. எதெல் பிரவுன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரு ஹைட்ராவின் வாய்ப் பகுதியிலிருந்து சிறு துண்டை எடுத்து இன்னொன்றின் உடம்பில் ஒட்டினார். அங்கே புதிதாக ஒரு ஹைட்ராவே முளைத்தது. அந்தத் துண்டு அக்கம்பக்கத்துச் செல்களுக்கு ஏதோ கட்டளை கொடுக்கிறது என்று புரிந்தது.

அந்தக் கட்டளை எது? 2000இல் ஜெர்மனி ஆய்வுக் குழு ஒன்று, ஹைட்ராவின் தலை நுனியில் ‘விண்ட்’ என்ற புரதச் சமிக்ஞை வேலை செய்வதைக் காட்டியது. இங்கே தலை வரணும் என்று சொல்வது அது. கூடவே, இன்னொரு தலை வேண்டாம் என்று தடுக்கும் சமிக்ஞையும் தலையிலிருந்து போகிறது. ஹைட்ராவின் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். ஆனா, உடம்பு ஊதிப் பெருப்பதில்லை. சாப்பாடு இருந்தால் உபரிச் செல்கள் மொட்டாகிப் பிரியும். பட்டினி கிடந்தால் மொட்டு நின்றுவிடும்.

பஞ்சிலும் இதே பேச்சுவார்த்தை உண்டு. 1960களில் பெல்ஜியம் ஆய்வாளர் ராஸ்மோன், நெருக்கமாகக் கிடக்கும் ஜெம்யூல்களிலிருந்து கசியும் ஒரு பொருள் முளைப்பதைத் தடுப்பதைக் கண்டார். 2010இல் கனடாவில், நன்னீர்ப் பஞ்சில் விண்ட் பாதையை மருந்தால் தூண்டிவிட்டுப் பார்த்தார்கள். ஒன்று இருக்க வேண்டிய நீர் வெளியேறும் துளை, பல இடங்களில் முளைத்தது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். மனிதக் குடலின் உள்சுவரைப் புதுப்பிப்பதும் இதே விண்ட் சமிக்ஞைதான். அதற்கு பிரேக் போடும் ஏபிசி என்ற மரபணு பழுதானால் சமிக்ஞை அணையாமல் ஓடும். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் இந்த மரபணு பழுதாகியிருக்கிறது. குளத்து ஹைட்ராவும் குடல் செல்லும் ஒரே ஸ்விட்சைத்தான் பயன்படுத்துகின்றன.

நிறுவனமும் இன்னொரு பக்கமும்

1916 ஜூலை 1 அன்று இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் உருவானது. அனண்டேல்தான் முதல் இயக்குநர். சுந்தர்லால் ஹோரா போன்ற இந்திய இளைஞர்களை ஆய்வுக்குள் கொண்டுவந்தார். ஹோரா பின்னாளில் அதே நிறுவனத்தின் இயக்குநரானார்.

அவர் வாழ்வில் சங்கடமான பக்கமும் உண்டு. விலங்குகளை அளந்த அதே காலனியக் கண்ணோடு மனிதர்களையும் அளந்தார். கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளைச் சேகரித்து வைத்திருந்தார். 1920 நாக்பூர் அறிவியல் மாநாட்டில், அதை அலசித் தரும்படி ஓர் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டார். அவர் பி.சி.மகலனோபிஸ். மகலனோபிஸின் முதல் புள்ளியியல் கட்டுரை 1922இல் வந்தது அந்த அளவுகளிலிருந்துதான்.

1924 தொடக்கத்தில் பெங்களூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்கு அனண்டேல் தலைமை ஏற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 10 அன்று கல்கத்தாவில் இறந்தார். வயது 47.

இப்போது என்ன மிச்சம்?

எந்த நீர்நிலையில் எந்த உயிர் இருந்தது என்ற நூறு வருடப் பழைய கணக்கு நம் கையில் இருப்பதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். இன்று ஒரு குளத்தில் எது காணாமல் போனது என்று சொல்ல அந்தக் கணக்கு வேண்டும். ஜெம்யூல் கோடையைத் தாங்கும். ஆனால் குளத்தை மூடி பிளாட் போட்டால், அதைத் திரும்ப எழுப்பத் தண்ணீர் வராது.

அடுத்த முறை குற்றாலம் போகும் வழியில் ஏதாவது குளக்கரையில் நின்றால், படித்துறைக் கல்லில் காய்ந்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் சுரண்டாமல் விட்டுவிடுங்க. மழைக்காகக் காத்திருக்கும் பஞ்சாக இருக்கலாம்.