விண்ணை நேசித்த ஜே.ஆர்.டி. டாட்டா

பதுளைக்கு அப்பால், தோட்டத்துச் சந்தி ஒன்றில் எங்கள் வாப்பாவின் கடை இருக்கிறது. சுபஹுத் தொழுகை முடிந்து அவர் கடை திறக்கும்போதே, கூடையும் படங்குமாக அக்காமார் மலையேறத் தொடங்கிவிடுவார்கள். அவர்களில் ஓர் அக்கா கடந்த ஆண்டு மூடுபனியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பிரட்டுக்களத்துக்குப் போய்ச் சேருமுன்பே விழுந்ததால், அது வேலையில் நடந்த விபத்து ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த மூன்று மாதமும் வாப்பா கடனாகக் கொடுத்த அரிசியில்தான் அந்த வீட்டு உலை கொதித்தது.

அந்த நாட்களில்தான் கல்லூரி நூலகத்தில் ஜே.ஆர்.டி. டாட்டாவின் வாழ்க்கையைப் படித்தேன். எனக்கு விமானங்கள் என்றால் சிறுவயது முதலே ஆசை. அதற்காகவே அந்த நூலைக் கையில் எடுத்தேன். ஆனால் அதை முடிக்கும்போது என் மனதில் நின்றவர் அந்த அக்காதான். அது ஏன் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பம்பாயின் புகழ்பெற்ற தாஜ்மகால் ஹோட்டலை 1903இல் திறந்தவர் ஜம்ஷெட்ஜி டாட்டா. அடுத்த ஆண்டு, 1904 ஜூலை 29ஆம் திகதி, அதே குடும்பத்தில் பாரிஸ் நகரில் பிறந்தவர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா. தந்தை பார்சி, தாய் பிரெஞ்சுப் பெண்மணி. ஹோட்டலும் இரும்பாலையும் மின் நிலையங்களும் பின்னாளில் அவர் பொறுப்புக்கு வந்தன. ஆனால் சிறுவனின் கண்களோ வானத்தில் இருந்தன. 1909இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்து சாதனை படைத்த லூயி பிளேரியோவின் வீடு, டாட்டா குடும்பம் விடுமுறைக்குச் செல்லும் பிரெஞ்சுக் கடற்கரையில் இருந்தது. அங்கேதான் பதினைந்து வயதில் ஜே.ஆர்.டி. முதன்முதலாக விமானத்தில் ஏறினார்.

கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்க விரும்பிய அவரைத் தந்தை நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். 1925இல் சம்பளமில்லாப் பயிலுநராகச் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தை காலமானார். படிப்பு கைநழுவியது, பறக்கும் ஆசை மட்டும் கைநழுவவில்லை. 1929 பெப்ரவரி 10ஆம் திகதி, இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாவது விமானி அனுமதிப்பத்திரத்தை அவர் பெற்றார்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண் பரிசு அறிவித்திருந்தார். 1930இல் ஜே.ஆர்.டி. இந்தியாவிலிருந்து புறப்பட்டார். அஸ்பி எஞ்ஜினியர் என்ற பதினேழு வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். எகிப்தின் அபூகிர் விமானத்தளத்தில் இருவரும் சந்தித்தபோது, அஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். ஜே.ஆர்.டி. தம்மிடமிருந்த உபரி பிளக்கைக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் அஸ்பியே வென்றார். அந்த இளைஞர் பிற்காலத்தில் இந்திய விமானப்படைத் தளபதியானார். உதவியதற்காக ஜே.ஆர்.டி. ஒருநாளும் வருந்தியதில்லை.

1932 ஒக்டோபர் 15ஆம் திகதி, புஸ் மொத் என்னும் ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில் 25 கிலோ தபாலை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குப் பறந்தார். வழிகாட்ட வானொலிக் கருவி கிடையாது. அகமதாபாத்தில் எரிபொருள் மாட்டுவண்டியில் வந்தது! பம்பாயிலிருந்து தபாலை மதராசுக்குக் கொண்டுபோனவர், இந்தச் சேவையைக் கனவு கண்ட அவருடைய பங்காளி நெவில் வின்சென்ட். நம் நாட்டில் 1935இல் இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியதும் ஒரு புஸ் மொத் விமானமே. டாட்டாவின் தபால் சேவை 1938இல் கொழும்பு வரை நீண்டது. தலைமன்னாரில் ரயிலும் கப்பலும் மாறித் தமிழகத்துக்குப் போய்வந்த கடிதங்களுக்கு வானத்திலும் ஒரு வழி பிறந்தது.

அதே 1938இல், 34ஆவது வயதில், டாட்டா நிறுவனங்களின் தலைவரானார். பத்து ஆண்டுகள் கழித்து அவருடைய ஏர் இந்தியா லண்டன் வரை பறந்தது. 1953இல் அரசாங்கம் அதைத் தேசியமயமாக்கியது. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் விலகிப் போகாமல், சம்பளம் வாங்காத தலைவராக இருந்து 25 ஆண்டுகள் அதை வளர்த்தார். விமானத்தின் திரைச்சீலை முதல் கழிவறைத் துப்புரவு வரை தாமே பார்த்தார். 1978இல் அரசாங்கம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. கசப்பு இருந்திருக்கும். எனினும் 1982 ஒக்டோபர் 15ஆம் திகதி, 78 வயதில், இளைஞர்களுக்கு ஊக்கமூட்டுவதற்காகக் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் ஒரு பழைய சிறு விமானத்தை ஓட்டி வந்தார். 1992இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், மறு ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி ஜெனீவாவில் மறைந்தார்.

இத்தனையும் படித்த எனக்குள் ஒரு கேள்வி எழாமலில்லை. செல்வச் சீமானின் பிள்ளை பறந்தார். அதில் மலையகத்துப் பிள்ளைகளான எங்களுக்கு என்ன இருக்கிறது? அதற்கு விடை, நூலில் நான் கிட்டத்தட்டக் கவனிக்காமல் கடந்துபோன ஒரு செய்தியில் இருந்தது. 1979இல், ஜே.ஆர்.டி. தலைமை வகித்த ஜம்ஷெட்பூர் இரும்பாலையில் ஒரு நடைமுறை வந்தது. தொழிலாளி வேலைக்காக வீட்டை விட்டுப் புறப்பட்ட கணம் முதல் வீடு திரும்பும் வரை வேலையில் இருப்பவராகவே கருதப்படுவார். வழியில் விபத்து நேர்ந்தால் நட்டஈட்டுக்கு நிறுவனமே பொறுப்பு.

அபூகிரில் போட்டியாளனின் பயணத்தையும் தம் பயணம்போல் எண்ணியவருக்கு, தொழிலாளி நடக்கும் வழியும் கண்ணில் பட்டதில் வியப்பில்லை. உயரத்தில் பறந்தவர் கீழே நடப்பவர்களையும் பார்த்திருக்கிறார். அவருடைய சாதனைகளில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

கால் தேறிய அக்கா இப்போது மறுபடியும் மலையேறுகிறார். ஒரு மாலை கடைக்கு வந்தபோது அவரிடம் இந்தச் செய்தியைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த ஊர் இங்கிருந்து எத்தனை மைல் தூரம் என்று மட்டும் கேட்டார்.