மூன்று அடித் துணியில் ஒரு கவசம்

குழந்தைகளே! கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடைக்குப் போனாலும், பேருந்தில் ஏறினாலும் எல்லோர் முகத்திலும் முகக்கவசம் இருந்தது என்பார்கள். மருத்துவமனையில் வேலை செய்தவர்களோ தலை முதல் கால் வரை மூடிய கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொற்று நோயாளியின் அருகே செல்பவர் முதலில் தன் மூக்கையும் வாயையும் காத்துக்கொள்ள வேண்டும். இன்று இது நமக்குச் சாதாரண விஷயம். ஆனால் 100 ஆண்டுகளுக்கு முன்பு பெரிய பெரிய மருத்துவர்களே இதை ஏற்கவில்லை. அப்போது எளிமையான ஒரு முகக்கவசத்தைச் செய்து, அதை ஓர் ஊர் முழுவதும் அணியச் செய்தவர் டாக்டர் வூ லியென் தே. அவருடைய கதையைத் தெரிந்துகொள்வோமா?

பொற்கொல்லரின் மகன்

மலேசியாவில் பினாங்கு என்றொரு தீவு இருக்கிறது. மலாய்க்காரர்களும் சீனர்களும் தமிழர்களும் சேர்ந்து வாழும் ஊர் அது. அந்தக் காலத்தில் அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அங்கே 1879-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி வூ லியென் தே பிறந்தார். அவருடைய தந்தை சீனாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். வீட்டில் நிறையக் குழந்தைகள்.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த வூ, படிப்பில் கெட்டிக்காரர். 1896-இல் மகாராணி பெயரால் வழங்கப்பட்ட உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. 17 வயதுப் பையன் கப்பலேறி இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் அவர்தான். பிறகு இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் கிருமிகளைப் பற்றி மேலும் கற்றார்.

1903-இல் ஊர் திரும்பினார். இவ்வளவு படித்தும் என்ன பயன்? அரசு மருத்துவத் துறையின் உயர்ந்த பதவிகள் ஆங்கிலேயருக்கு மட்டும்தான் என்று அப்போது விதி இருந்தது. வூ மனம் தளரவில்லை. தனியாக மருத்துவம் பார்த்தார். அபினிப் பழக்கத்தால் ஏழைக் கூலித் தொழிலாளிகள் சீரழிவதைக் கண்டு அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். இதனால் அபினி வியாபாரத்தில் பணம் குவித்தவர்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார்.

1908-இல் சீன அரசு அவரை அழைத்தது. டியன்ட்சின் நகரில் இருந்த ராணுவ மருத்துவக் கல்லூரியில் துணை இயக்குநர் பதவி அவருக்குக் கிடைத்தது.

பனி நாட்டில் வந்த கொள்ளை நோய்

சீனாவின் வடகிழக்கில் மஞ்சூரியா என்ற பகுதி இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்கிவிடும். 1910-ஆம் ஆண்டின் இறுதியில் அங்குள்ள ஹார்பின் நகரில் ஒரு மர்ம நோய் பரவியது. முதலில் காய்ச்சல் வரும். பிறகு இருமல். இருமும்போது ரத்தம் வரும். ஓரிரு நாட்களில் நோயாளி இறந்துவிடுவார். நோய் வந்தவர்களில் பிழைத்தவர் அநேகமாக யாருமே இல்லை.

டிசம்பர் 24-ஆம் தேதி வூ ஹார்பினில் ரயிலை விட்டு இறங்கினார். அப்போது அவருக்கு வயது 31. சீனாவின் மாண்டரின் மொழியைக்கூட அவர் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார். ஹார்பினை ஒட்டியிருந்த ஃபூஜியாதியன் என்ற பகுதியில்தான் நோய் அதிகம். சுமார் 24 ஆயிரம் பேர் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது.

இது என்ன நோய்? அதைக் கண்டறிய இறந்தவரின் உடலைப் பரிசோதிக்க வேண்டும். ஆனால் இறந்த உடலை அறுப்பது பெரும் பாவம் என்று அங்கே மக்கள் நினைத்தார்கள். வூ வந்த மூன்றாம் நாள், விடுதி நடத்திவந்த ஜப்பானியப் பெண் ஒருவர் இறந்துபோனார். அவருடைய உடலை வூ சோதித்தார். நுரையீரலில் இருந்து எடுத்த மாதிரியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அதில் தெரிந்தது பிளேக் கிருமி!

பிளேக் என்றால் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வருவது என்றுதான் அப்போதைய மருத்துவர்கள் நினைத்தார்கள். ஆனால் ஹார்பினில் பிடித்த எலிகளைச் சோதித்தபோது கிருமி கிடைக்கவில்லை. அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும் வழக்கமான அறிகுறியும் நோயாளிகளிடம் இல்லை. வூ யோசித்தார். இந்தக் கிருமி நுரையீரலில் இருக்கிறது. நோயாளி இருமும்போது தெறிக்கும் நீர்த்துளிகளில் அது வெளியே வருகிறது. அருகில் இருப்பவர் அதை மூச்சில் இழுத்துக்கொள்கிறார். ஆகவே எலியைத் துரத்துவதைவிட, மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவுவதைத் தடுப்பதே முக்கியம் என்று முடிவு செய்தார்.

நோய் எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்தப் புல்வெளிகளில் டார்பகன் என்ற விலங்கு உண்டு. அணில் இனத்தைச் சேர்ந்தது. வளை தோண்டி வாழும். அதன் ரோமத் தோலுக்கு அப்போது நல்ல விலை கிடைத்தது. பரம்பரை வேட்டைக்காரர்கள் நோயுற்று மெதுவாக நகரும் டார்பகனைத் தொடவே மாட்டார்கள். பணத்துக்காகப் புதிதாக வந்தவர்களுக்கு இது தெரியாது. நோயுள்ள விலங்கையும் பிடித்தார்கள். விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். சீனப் புத்தாண்டுக்கு ரயிலேறி ஊருக்குக் கிளம்பினார்கள். நோயும் அவர்களோடு ரயிலேறியது.

வெட்டு, மடி, கட்டு!

காற்றில் வரும் கிருமியைத் தடுக்க வேண்டும். எதைக் கொண்டு தடுப்பது?

ஐரோப்பாவில் அறுவை சிகிச்சை செய்யும் சில மருத்துவர்கள் 1897 முதல் முகத்தில் மெல்லிய துணி கட்டி வந்தார்கள். அது தங்கள் வாயிலிருந்து கிருமி நோயாளியின் காயத்தில் விழாமல் இருப்பதற்காக. வூவுக்குத் தேவைப்பட்டதோ அணிந்தவரையும் காக்கும் கவசம். அதுவும் ஒன்று இரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில் வேண்டும். உடனே வேண்டும். தையல் இயந்திரங்களைத் தேடி ஓட நேரமில்லை.

காயத்துக்குக் கட்டுப் போடும் காஸ் துணியும் பஞ்சும் கடையில் கிடைத்தன. அந்த இரண்டை மட்டும் வைத்து வூ ஒரு கவசம் வகுத்தார். அதன் கணக்கைப் பாருங்கள்.

காஸ் துணிச் சுருளின் அகலம் 9 அங்குலம். அதில் 3 அடி நீளம் வெட்டிக்கொள்ள வேண்டும். அதாவது 36 அங்குலம். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் அகலம் நாலரை அங்குலம் ஆகும். மடிப்புக்குள்ளே நடுவில் 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள பஞ்சுப் பட்டையை வைக்க வேண்டும். நடுவில் 6 அங்குலம் போனால் ஒவ்வொரு பக்கமும் மிச்சம் எவ்வளவு? 15 அங்குலம். அந்த 15 அங்குலத்திலும் இரண்டு வெட்டுகள் போட்டால், பக்கத்துக்கு மூன்று வால்கள் கிடைக்கும்.

மேல் வால்களைக் காதுக்கு மேலாகக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கீழ் வால்களைக் காதுக்குக் கீழாகக் கட்ட வேண்டும். நடு வால்களை உச்சந்தலையில் முடிச்சுப் போட வேண்டும். இந்த நடு முடிச்சு எதற்கு? பஞ்சு கழுத்துக்கு நழுவி விழாமல் இருப்பதற்கு!

ஊசி வேண்டாம், நூல் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்துவிடலாம். துணியும் அதிகம் வீணாகாது. பஞ்சு தடிமனாக இருப்பதால் நீர்த்துளிகள் அதில் தங்கிவிடும், மூச்சும் முட்டாது. ஒரு கவசத்துக்கு ஆன செலவு அந்தக் காலக் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட்தான். அழுக்கானால் எறிந்துவிட்டு வேறொன்று கட்டிக்கொள்ளலாம்.

ஏற்க மறுத்த மருத்துவர்

ஆனால் எல்லோரும் உடனே அணிந்துகொள்ளவில்லை. ஜெரால்ட் மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் ஹார்பினுக்கு வந்தார். அவர் வூவைவிட மூத்தவர், அனுபவசாலி. முன்பு வேறோர் ஊரில் எலிகளால் பரவிய பிளேக்கை எதிர்த்துப் போராடியவர். காற்றில் பரவுகிறது என்று இளைஞரான வூ சொன்னதை அவர் ஏற்கவில்லை. கோபப்பட்டார். முகக்கவசம் அணியாமலே ஒரு மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பரிசோதித்தார்.

சில நாட்களிலேயே அவருக்கும் காய்ச்சலும் இருமலும் வந்தன. 1911-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி அவர் இறந்துபோனார்.

நோயாளிகளைக் காப்பாற்ற வந்த நல்ல மருத்துவர் ஒருவரை இழந்தது எவ்வளவு பெரிய சோகம்! ஊரே அதிர்ந்தது. வூ சொன்னதில் உண்மை இருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. மருத்துவர்கள், காவலர்கள், சிப்பாய்கள், பிணம் அப்புறப்படுத்துவோர், தெருவில் நடப்போர் என எல்லோர் முகத்திலும் காஸ் துணி ஏறியது.

கவசம் மட்டும் போதாது என்பதும் வூவுக்குத் தெரியும். ஃபூஜியாதியன் பகுதியை நான்காகப் பிரித்தார். வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒரு நிறக் கைப்பட்டை. ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு அனுமதி இல்லாமல் போக முடியாது. நோயாளியோடு பழகியவர்களைத் தனியே தங்கவைக்க இடம் இல்லை. ரஷ்யர்களிடம் சரக்கு ரயில் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, அவற்றில் தங்கவைத்தார்.

இன்னொரு பெரிய சிக்கல் இருந்தது. நிலம் உறைந்து கல்லாகிவிட்டதால் இறந்தவர்களைப் புதைக்கக் குழி தோண்ட முடியவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள் இடுகாட்டில் வெளியிலேயே கிடந்தன. எரிப்பதுதான் ஒரே வழி. ஆனால் முன்னோரைப் புதைத்து வணங்கும் மக்களுக்கு அது பெரும் மன வேதனை. வூ சீன அரசவைக்கு எழுதி அனுமதி பெற்றார். ஜனவரி 31-ஆம் தேதி எரியூட்டும் பணி தொடங்கியது.

அதன் பிறகு இறப்பு குறைந்துகொண்டே வந்தது. மார்ச் 1-ஆம் தேதியோடு ஹார்பினில் நோய் நின்றது. அந்தக் குளிர்காலத்தில் மஞ்சூரியா முழுவதும் இறந்தவர்கள் சுமார் 60 ஆயிரம் பேர். இந்த நடவடிக்கைகள் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை ஊர்களுக்கு ரயிலில் போயிருக்குமோ!

உலகம் பாராட்டியது

1911 ஏப்ரலில் முக்டன் நகரில் உலக பிளேக் மாநாடு நடந்தது. 11 நாட்டு அறிஞர்கள் கூடினார்கள். தலைமை வகித்தவர் யார் தெரியுமா? 32 வயது வூ லியென் தே! 1920-இல் அதே நோய் மீண்டும் மஞ்சூரியாவில் தலைகாட்டியது. இம்முறை அவர் ஏற்படுத்தியிருந்த தடுப்பு அமைப்பு தயாராக இருந்தது. இறப்பு சுமார் 9 ஆயிரத்தோடு நின்றது.

சீன மருத்துவச் சங்கம் 1915-இல் தொடங்கக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். 1935-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. போர் மூண்டதால் 1937-இல் மலாயாவுக்குத் திரும்பினார். ஈப்போ நகரில் சாதாரண மருத்துவராக முதுமை வரை நோயாளிகளைக் கவனித்தார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி, பிறந்த பினாங்கிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அவர் மறைந்து 60 ஆண்டுகள் கழித்து கொரோனா வந்தது. மருத்துவர்களுக்கு உடல் முழுவதையும் மூடும் கவச உடை லட்சக்கணக்கில் தேவைப்பட்டது. பனியன் தைத்த திருப்பூர் நிறுவனங்கள் கவச உடை தைத்தன. கோயம்புத்தூரில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா, அந்தத் துணியில் செயற்கை ரத்தத்தை அழுத்திச் செலுத்தி, மறுபக்கம் கசிகிறதா என்று சோதித்தது. தையல் போட்ட இடத்தில் ஊசித் துளைகள் இருக்கும் அல்லவா? அதன் வழியே கிருமி நுழையக்கூடும். அதனால் தையல் மேல் சூடாக டேப் ஒட்டினார்கள். தையல் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு வேலையும் மிச்சம், பாதுகாப்பும் அதிகம். தையலே இல்லாமல் கவசம் செய்த வூவின் நினைவு இங்கே வருகிறதல்லவா?

விலை உயர்ந்த கவசம் நான்கு பேரைக் காக்கலாம். எல்லோர் கைக்கும் எட்டுகிற கவசம்தான் ஊரைக் காக்கும். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர் பினாங்குப் பொற்கொல்லரின் மகன். நீங்களும் எதையாவது புதிதாகச் செய்ய நினைக்கும்போது, இதை ஓர் ஏழையும் செய்துகொள்ள முடியுமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள், குழந்தைகளே!