நாடகத்துக்கு இலக்கணம் வகுத்த பரிதிமாற் கலைஞர்

நத்தத்தினின்று மதுரை வழியாகத் திருப்பரங்குன்றம் சென்றால், அதன் அயலே விளாச்சேரி என்னும் சிற்றூரைக் காணலாம். 1870ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் அவ்வூரிற் பிறந்தவர் சூரியநாராயண சாஸ்திரியார். தந்தையார் கோவிந்த சிவனாரிடம் வடமொழியும், மதுரைச் சபாபதி முதலியாரிடம் தமிழும் பயின்று, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்து 1892இல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

அக்கல்லூரித் தலைவர் மில்லர் துரைமகனார் ஒருநாள் வகுப்பில், படகின் செலவை அன்னத்தின் செலவுக்கு ஒப்பிட்ட டென்னிசன் கவியை வியந்து, தமிழில் இத்தகைய உவமை உண்டோ என வினவினாராம். மாணவர் சாஸ்திரியார் உடனே எழுந்து, குகன் ஓடத்தைக் கம்பர் அவ்வாறே உவமித்திருத்தலை எடுத்துக் காட்டினார் என்பர். அம்மாணவரே பின்னர் அக்கல்லூரியின் தமிழாசிரியரானார்.

அக்காலத்தே கற்றோர் பலர் நாடக மேடையை அணுகவும் நாணினர். கூத்தாடி என்பது வசைச்சொல்லாய் நின்றது. முத்தமிழுள் ஒன்றென நாடகத்தைப் போற்றிய நாட்டில் இஃதென்ன விந்தை! கிரேக்கரோ வேறு வகையினர். ஏதென்ஸ் நகரில் டயோனிசஸ் என்னும் தெய்வத்தின் இளவேனில் விழாவில் புலவர்கள் நாடகம் இயற்றிப் போட்டியிட்டனர். பாடியும் ஆடியும் வரும் குழுவினர்க்காகும் பொருளைச் செல்வர் ஊர்க்கடனாகக் கருதி ஈந்தனர். நத்தம் மாரியம்மன் மாசித் திருவிழாவிற் கூடும் மக்கள் வெள்ளத்தைக் கண்ட நமக்குத் தெய்வ விழாவும் கலையும் ஒருங்கே வளர்ந்தமை எளிதிற் புலனாகும். உரோமரோ கிரேக்க நாடகத்தைக் கைக்கொண்டும் நடிகரைத் தாழ்த்தினர். அவருட் பலர் அடிமைகள். நம்மவர் அன்று உரோமர் வழியே நின்றனர் என்று கூறுதல் மிகையன்று.

இவ்விழிவை நீக்கச் சாஸ்திரியார் செய்தது மேடைப் பேச்சன்று, நூல். வடமொழி மரபையும் மேனாட்டு மரபையும் ஆராய்ந்து 1897இல் நாடகவியல் என்னும் இலக்கணத்தைச் செய்யுளில் இயற்றினார். ரூபாவதி, கலாவதி ஆகிய நாடகங்களையும் படைத்தார். நம் உள்ளத்தை மிகக் கவர்வது மானவிஜயம். சோழன் சிறையில் வாடியும் உயிரினும் மானமே பெரிதெனக் கொண்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையின் வரலாறு அது. இலக்கணம் வகுத்தவர் அனைவரும் இலக்கியம் படைக்க வல்லரல்லர். இவர் இரண்டும் வல்லவர்.

மற்றொரு போரும் அவர்க்கு வாய்த்தது. 1902இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்தினின்று தமிழை நீக்கும் முயற்சி எழுந்தபோது, நண்பர் பூரணலிங்கம் பிள்ளையோடு நின்று அதனை எதிர்த்தார். தமிழ் வென்றது. தம் பெயரையே சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர் எனத் தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் ஆனார். அப்பெயரால் வெளியிட்ட தனிப்பாசுரத்தொகையை ஜி.யு. போப்பையர் ஆங்கிலத்திற் பெயர்த்தார்.

என்புருக்கி நோய் அவரை விடவில்லை. 1903ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள், 33ஆம் வயதில், உயிர் நீத்தார். கிரேக்கமும் இலத்தீனும் போலத் தமிழும் உயர்தனிச் செம்மொழி என்று அவர் தமிழ்மொழியின் வரலாற்றில் நிறுவினார். இந்திய அரசு அதனைச் செம்மொழி என அறிவித்தது 2004இல்.