சுபேதார் இராம்ஜி சக்பால்

1782-ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையும் கும்பெனிப் படையும் நம் ஆரணியில் பொருதன. அன்று கும்பெனிச் சிப்பாய்களாக நின்று மாண்டவர்தம் பெயர்களை இன்று அறிவார் யாருமிலர். சென்னைப் படையில் நம் மக்களும் பணியாற்றிய காலம் அது. பெயர் மறைந்த அவ்வீரர்களை எண்ணும்போது, பெயர் நிலைத்த ஒரு படைவீரர் நினைவிற்கு வருகிறார். அவரே அண்ணல் அம்பேத்கரின் தந்தையார், சுபேதார் இராம்ஜி மாலோஜி சக்பால்.

கொங்கணத்து இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்த அம்படவே என்னும் சிற்றூர் அவருடைய பூர்விகம். தந்தையார் மாலோஜியும் படைவீரர். மனைவியார் பீமாபாயின் குடும்பமும் பட்டாளக் குடும்பமே. ஊர்ப் பொதுக்கிணற்றை அணுகவும் உரிமையற்றிருந்த மகார் குலத்தார்க்கு, எழுத்தறிவு பட்டாளத்தில்தான் கிடைத்தது. படைவீரர்தம் ஆண், பெண் பிள்ளைகள் அனைவரும் கட்டாயம் கற்றல் வேண்டும் என்பது அக்காலப் படைவிதி. அவ்வாறு கற்ற இராம்ஜி, ஆசிரியப் பயிற்சியும் பெற்று, 14 ஆண்டுகள் பட்டாளப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். மாவ் படைமுகாமில் 1891 ஏப்ரல் 14 அன்று அவருடைய 14-ஆவது மகவாகப் பீமராவ் பிறந்தார்.

மறு ஆண்டிலேயே இடி விழுந்தது. சில சாதியாரை மட்டும் போர்க்குடியினர் எனப் பிரித்த ஆங்கில அரசு, மகார்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திற்று. 1818-இல் கோரேகாவில் பேஷ்வாவின் படையோடு பொருது மடிந்த மகார் வீரர்தம் பெயர்களைக் கல்தூணில் பொறித்தவரும் அதே ஆங்கிலேயரே! இராம்ஜி வாளா இருந்தாரல்லர். நீதிபதி இரானடேயின் துணையை நாடி, தடையை நீக்கக் கோரும் மனு உருவாக உழைத்தார். பட்டாளக் கதவு அடைபட்டால் பள்ளிக் கதவும் உடன் அடைபடும் என்பதைத் தலைமையாசிரியராய் இருந்தவர் அறியாரோ? முதல் உலகப் போரில் ஆள் வேண்டியபோது திறந்த அக்கதவு, போர் முடிந்ததும் மீண்டும் அடைபட்டது. மகார் படைப்பிரிவு நிலையாக அமைந்தது 1941-இல்தான்.

ஓய்வு பெற்ற சுபேதாருக்குக் கிடைத்த ஊதியம் மாதம் 50 ரூபாய். சாத்தாராவில் மனைவியாரை இழந்தார். பள்ளியில் மகன் தனியே கோணிப்பையில் அமர நேர்ந்ததையும் பொறுத்தார். பின்னர் பம்பாய்ப் பரேலில் ஒற்றை அறைக் குடியிருப்பு. சமையலும் படிப்பும் உறக்கமும் அவ்வோர் அறையிலேதான். மகன் முன்னிரவில் உறங்கத் தந்தை விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டே தாம் கண்ணயர்வார். மகன் விரும்பிய நூலை வாங்கக் கையில் பணமில்லையாயின், மணமான பெண்களிடம் சென்று நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். தறிக்குழியில் கால் மரத்துப்போக நெய்து, முன்பணக் கடனோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஆரணித் தந்தையர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

1912-இல் பட்டம் பெற்ற பீமராவ், தந்தையார் விரும்பாதிருந்தும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தையார் நோயுற்றார் எனத் தந்தி வந்தது. திரும்பும் வழியில், தந்தையார்க்கென்று இனிப்பு வாங்கச் சூரத்தில் இறங்கியவர் வண்டியைத் தவறவிட்டார். மறுநாள்தான் வீடு சேர முடிந்தது. சுபேதாரின் தளர்ந்த கை மகனின் முதுகை ஒருமுறை தடவிற்று. 1913 பிப்ரவரி 2 அன்று அவர் உயிர் பிரிந்தது.